தலைக்கணக்கில் மட்டும் நாங்கள்

இலங்கைப் போரைப் பற்றித் தமிழ்நாட்டில் மேடை போட்டுப் பேசுகிறவர்கள் 1983 ஜூலையில் தொடங்குகிறார்கள். கொஞ்சம் படித்தவர்களானால் 1956க்குப் போய், சிங்களம் மட்டும் சட்டத்திலிருந்து தொடங்குகிறார்கள். கேட்கக் கேட்க வயிறு எரிகிறது. 1948 எங்கே போயிற்று? தேயிலைத் தோட்டத் தமிழர் ஏழு லட்சம் பேரை ஒரே சட்டத்தில் நாடற்றவர்களாக்கினார்களே, அது எந்த மேடையில் வருகிறது? அந்த ஏழு லட்சத்தில் என் ஆயாவும் ஒருத்தி. கடத்தூர்ப் பக்கத்துச் சேரியிலிருந்து கடல் தாண்டிப் போன கூலிகளின் பேத்தி அவள். அன்றைக்குக் கடத்தூர் சேலம் ஜில்லா. தர்மபுரி என்று தனி மாவட்டம் பிறந்ததே 1965இல்தான்.

எங்கள் சனம் ஏன் போனது என்பதைச் சொல்லாமல் எதையும் சொல்ல முடியாது. தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. சென்னை மாகாணத்தில் அந்தப் பஞ்சம் சப்பிச் சக்கையாக்கிய ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. சேரிக்காரனுக்கு நிலம் கிடையாது. படியாளாக நின்ற பண்ணையிலும் அந்த வருஷங்களில் படி கிடையாது. அடிமை முறை செல்லாது என்று வெள்ளைக்காரன் 1843லேயே இந்தியாவில் சட்டம் போட்டுவிட்டான். 1844இல் இலங்கையிலும் போட்டான். சட்டம் காகிதத்தில் இருந்தது. சேரிக்குக் கங்காணி வந்தான். கையில் முன்பணம், வாயில் இனிக்க இனிக்கப் பேச்சு. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆள் பிடித்த கதையை இலங்கையின் தேயிலை மலையகத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். நம்பியா போனார்கள்? பிள்ளை பசியில் சாகும்போது நம்புவதென்ன, நம்பாததென்ன!

ராமநாதபுரம் சீமைக் கரையில் தோணி ஏறி, மன்னார்ப் பக்கம் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியில் மாத்தளை வரைக்கும் கால்நடை. காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களை விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டு நடந்தார்கள். கல்லறை கிடையாது, கணக்கும் கிடையாது. 2023இல் மலையகத் தமிழர் இருநூறாவது ஆண்டை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே பாதையில் நடந்தார்கள். படத்தைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க என்னால் சோறு உண்ண முடியவில்லை.

போய்ச் சேர்ந்த பிறகு என்ன நடந்தது? ‘துண்டு’ என்று ஒரு சீட்டு. வழிச் செலவு, அரிசி, கம்பளி, கங்காணி கொடுத்த முன்பணம் எல்லாம் தொழிலாளியின் பேரில் கடன். அவன் இந்தத் தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அந்தக் கடனை அந்தத் தோட்டத்துத் துரை அடைக்க வேண்டும். இவ்வளவு கொடுத்தால் இந்த ஆட்களை விடுகிறோம் என்று எழுதிக் கொடுக்கும் சீட்டுதான் துண்டு. கடன் கைமாறும், கடனோடு ஆளும் கைமாறுவான், பெண்டாட்டி பிள்ளைகளோடு. சொல்லாமல் ஓடினால் சிறை. அதற்கும் 1865இல் ஒரு சட்டம் இருந்தது. ஆள் பிரட்டுக்கு, அதாவது காலை ஆளெடுப்புக்கு, வந்து நின்றால் கங்காணிக்குத் தலைக்காசு. காலையில் கொம்பு ஊதியதும் பிரட்டுக் களத்தில் வரிசையில் நிற்க வேண்டும். கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தான் விழும், அரைக் கூலிதான் வரும். 1921இல்தான் துண்டு முறையைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். அதுவரைக்கும் நடந்ததற்கு ஒப்பந்தக் கூலி முறை என்று நாசூக்காகப் பெயர் வைத்து எழுதுகிறார்கள். ஆளுக்கு விலை பேசி, ஆளை மாற்றி, ஓடினவனைப் பிடித்துச் சிறையில் போட்டால் அது அடிமைத்தனம். வேறு பெயர் எனக்குத் தெரியாது.

அமெரிக்காவில் 1861இல் வந்த உள்நாட்டுப் போரைப் பற்றி இன்றைக்கும் வாதம் ஓய்ந்தபாடில்லை. அடிமைத்தனத்துக்காக அது நடக்கவில்லை, மாநில உரிமைக்காக நடந்தது என்று சாதிக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். முதலில் பிரிந்த தென் கரோலினா 1860 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையை எடுத்துப் படித்தால் போதும். ஏன் பிரிகிறோம் என்பதற்கு அவர்களே எழுதி வைத்த காரணம் அடிமைகள்தான். அந்த நாட்டு அரசியல் சட்டத்தில் 1787லேயே ஒரு கொடுமையை எழுதியிருந்தார்கள். அடிமைக்கு ஓட்டு கிடையாது. ஆனால் நாடாளுமன்ற இடங்களைப் பங்கு போடும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணிக்கொள்ளலாம். அடிமையின் தலையைக் காட்டி ஆண்டை கூடுதல் இடம் வாங்கினான். அந்தக் கூடுதல் இடத்தை வைத்தே அடிமைச் சட்டங்களைக் காப்பாற்றினான்.

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இலங்கையில் எங்களுக்குச் செய்ததும் இதேதான்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள் ஓட்டுப் போட்டு ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். வேறு பல மலைநாட்டுத் தொகுதிகளில் எங்கள் ஓட்டில் இடதுசாரிகள் ஜெயித்தார்கள். அது பொறுக்கவில்லை. சுதந்திரம் வந்த அதே வருஷம், 1948இல், டி.எஸ். சேனநாயக்காவின் அரசு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. நீ இங்கே பிறந்தது போதாது. உன் அப்பன் இங்கே பிறந்ததைக் காட்டு, அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்ததைக் காட்டு என்றார்கள். லயம் என்ற வரிசை வீட்டுக் காம்பராவில் வேப்பிலை கட்டிப் பிள்ளை பெற்றவர்களிடம் போய்ப் பிறப்புச் சான்று! 1949இல் இன்னொரு சட்டத்தில் ஓட்டையும் பிடுங்கினார்கள். 1952 தேர்தலில் மலையகத்தின் சார்பில் ஒருவரும் ஜெயிக்கவில்லை; ஜெயிக்க வழியே வைக்கவில்லை. மறுபடி ஓட்டில் ஒருவர் தேர்வானது 1977இல், நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான்.

இதோடு விட்டார்களா? தொகுதி பிரிக்கும்போது எங்கள் தலைகளையும் சேர்த்துத்தான் எண்ணினார்கள். மலைநாட்டில் இவ்வளவு சனத்தொகை, ஆகவே இத்தனை தொகுதி என்று கணக்கு. தலை எங்களுடையது, ஓட்டு இல்லை. அந்தத் தொகுதிகளில் ஓட்டுப் போட்டது சுற்றியிருந்த சிங்கள ஊர்கள். எங்களை எண்ணிக் கிடைத்த இடங்களில் வேறு ஆட்கள் உட்கார்ந்து 1956இல் சிங்களம் மட்டும் சட்டத்துக்குக் கை தூக்கினார்கள். 1972 அரசியல் சட்டத்துக்கும் தூக்கினார்கள். எங்கள் தலைக்கணக்கு இல்லாவிட்டால் அந்தச் சபையில் தமிழருக்கு எதிரான பலம் அந்த அளவுக்கு ஊதியிருக்குமா? கேட்டுப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் வீடு எரிந்ததற்கும் கொழும்பில் ஆளைக் கொளுத்தியதற்கும் பாதை போட்டது அந்தச் சபைதான். அதில் மிகுந்திருந்த நாற்காலிகள் எங்கள் முதுகின் மேல் போட்டவை.

சிங்களத் தலைவர்களை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் முதல் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டார். அடுத்த மாதமே அதே அரசில் மந்திரியானார். அந்தக் கோபத்தில் கட்சியை உடைத்துக்கொண்டு வெளியே வந்தவர் செல்வநாயகம். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது. அதற்கு எங்கள் சனத்தின் ஓட்டுப் பறிப்பு பெரிய காரணம். 1976இல் வட்டுக்கோட்டையில் தனி நாடு கேட்டுத் தீர்மானம் போட்டபோது, வரிசையாக அடுக்கிய குற்றங்களில் தமிழ் மக்களில் பாதிப் பேரின் குடியுரிமையைப் பறித்ததும் இருந்தது. ஆகப் போருக்கு முந்தைய பத்திரத்திலேயே நாங்கள் காரணமாக எழுதப்பட்டிருக்கிறோம். காரணம் சொல்ல நாங்கள் வேண்டும். அதே யாழ்ப்பாணத்து வீடுகளில் ‘தோட்டக்காட்டான்’, ‘வடக்கத்தியான்’ என்ற பேச்சுகளையும் எங்கள் சனம் கேட்டது. வீட்டு வேலைக்கு எங்கள் பிள்ளைகளை அழைத்துப் போய் அடுப்படியில் படுக்க வைத்தார்கள். இதைச் சொன்னால் எதிரிக்கு எடுத்துக் கொடுப்பதாகும் என்று வாயைப் பொத்துவார்கள். பொத்திப் பொத்தித்தான் எழுபத்தைந்து வருஷம் போயிற்று.

சரி, டெல்லி? 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் ஒன்பதே முக்கால் லட்சம் பேர். ஐந்தேகால் லட்சம் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை லட்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்து, 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் ஆட்டுப் பட்டியைப் பிரிப்பதுபோல. அந்த ஒன்பதே முக்கால் லட்சத்தில் ஒருவரையாவது கூப்பிட்டு நீ எந்த நாட்டுக்குப் போகிறாய் என்று பேச்சு மேசையில் கேட்டார்களா? தொழிற்சங்கத் தலைவரைக் கேட்டார்களா? ஒருவரையும் கேட்கவில்லை.

என் ஆயாவுக்கு 1973, 74 பட்டினிக் காலம்தான் முடிவைச் சொன்னது. தோட்டங்களில் அரிசியும் மாவும் அற்றுப்போய், லயத்துக்கு லயம் சாவு விழுந்த காலம். ஆயா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தாள். அவளுடைய தம்பி, என் சின்னத் தாத்தா, இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார். பிறந்த மண்ணை விட்டு நான் ஏன் போக வேண்டும் என்று அவருக்கு வீம்பு. அந்த வீம்பு நியாயம்தானே? மலையிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். அக்காளும் தம்பியும் ஸ்டேஷனில் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதது, ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம் வந்தது, மண்டபம் முகாமில் வரிசையில் நின்றது எல்லாம் ஆயா சொல்லி எங்களுக்கு மனப்பாடம்.

ஆயாவின் பாஸ்போர்ட் இன்னும் வீட்டில் இருக்கிறது. குடும்பத்தையே உட்கார வைத்து எடுத்த ஒரு படத்தை அதில் ஒட்டியிருக்கிறார்கள். எதிரே வெள்ளை எழுத்தில் ஒரு நம்பர். ஆயாவின் மடியில் என் அம்மா, வாயில் விரலோடு. தாத்தா இரவல் கோட்டுப் போட்டிருக்கிறார். தோள் அளவு பொருந்தவில்லை. அந்தப் படத்தில் ஒருவர் முகத்திலும் ஊருக்குப் போகிற களை இல்லை.

ஊர் என்று எதைச் சொல்வது? கடத்தூரில் வெற்றிலைச் சந்தைக்குப் போனால் ‘சிலோன்காரி’ என்றார்கள். அங்கே ‘கள்ளத்தோணி’, இங்கே ‘சிலோன்காரி’. பேச்சில் ‘தேத்தண்ணி’ என்று வந்தால் சிரித்தார்கள். சேரி மட்டும் மாறவில்லை. பாட்டன் விட்டுப் போன அதே இடத்தில், அதே டம்ளரோடு காத்திருந்தது. மறுவாழ்வுக் கடன் என்று குடும்ப அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை வாங்கப் போன ஓர் அலுவலகத்தில் இடைத்தரகருக்குப் பங்கு வைத்த பிறகு கைக்கு வந்த பணத்தில் ஒரு கறவை மாடு வாங்க முடியவில்லை. சட்டப்படி அவளுக்கு நாடு கிடைத்தது, ஓட்டும் கிடைத்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆயா எந்தத் தேர்தலிலும் ஓட்டுப் போடாமல் இருந்ததில்லை. காய்ச்சலோடு எழுந்து போய் வரிசையில் நிற்பாள்.

சின்னத் தாத்தாவின் கதைதான் தொண்டையை அடைக்கிறது. 1977 ஆகஸ்ட் கலவரத்தில் லயத்துக்குத் தீ வைத்தார்கள். ஆயிரமாயிரம் மலையகக் குடும்பங்கள் வடக்கே வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் ஓடின. காந்தியம் அமைப்பு அவர்களைக் காட்டோரம் குடியமர்த்தியது. தமிழ்ப் பிரதேசம், இனி நிம்மதி என்று நினைத்தார்கள். அவர்களைக் குடிவைத்த இடம் எல்லையோரம். எந்தச் சண்டை வந்தாலும் முதல் அடி விழும் இடம். கென்ட், டாலர் பண்ணைகளிலிருந்து 1984இல் எங்கள் சனத்தை ராணுவம் துரத்தியது. அங்கே சிங்களக் கைதிகளைக் குடும்பத்தோடு கொண்டுவந்து குடிவைத்தது. அதே ஆண்டு நவம்பரில் புலிகள் அந்தப் பண்ணைகளைத் தாக்கினார்கள். பெண்களும் பிள்ளைகளும்கூடச் செத்தார்கள். யார் யார் நிலத்தில் யார் யாரைக் கொன்றது! வன்னியில் வளர்ந்த எங்கள் பிள்ளைகள் இயக்கத்துக்குப் போனார்கள், இழுத்துக்கொண்டும் போனார்கள். 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் மணலில் செத்தவர்களில் எத்தனை பேருடைய பூட்டன் சேலம் ஜில்லாவிலிருந்து போனவன் என்று எண்ணிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

சின்னத் தாத்தா 1990இல் படகேறினார். ராமேஸ்வரம், மண்டபம், அப்புறம் எங்கே கொண்டுவந்து விட்டார்கள் தெரியுமா? பாப்பிரெட்டிப்பட்டி தாண்டி வாணியாறு அணை முகாம். எங்கள் கடத்தூரிலிருந்து டவுன் பஸ் பிடித்துப் போகிற தூரம். தாது வருஷத்தில் அவருடைய பாட்டன் எந்தச் சீமையிலிருந்து போனாரோ அதே சீமை. நூறு வருஷத்துக்கு மேல் சுற்றி அவருடைய ரத்தம் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்தவருக்கு ஆவணத்தில் எழுதிய பெயர் அகதி. அக்காள் இந்தியப் பிரஜை, தம்பி அந்நியர். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். அவர் முகாமிலேயே செத்தார். அவருடைய பேரப்பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், இன்றைக்கும் செக்கிங் நாளன்று வேலையைப் போட்டுவிட்டு வந்து அதிகாரி முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். பிரட்டுக் களத்தில் நின்ற குடும்பத்தில் ஐந்தாம் தலைமுறையும் வரிசையில் நிற்கிறது. பொறியியல் படித்த பிள்ளை பெயிண்ட் அடிக்கப் போகிறான். பாஸ்போர்ட் இல்லை, அரசு வேலைக்கு மனுப் போட முடியாது, சொந்தப் பெயரில் ஒரு சென்ட் நிலம் வாங்க முடியாது.

மாநில அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகும். 2021இல் அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். மாத உதவித்தொகையை ஏற்றினார்கள். பல முகாம்களில் புது வீடுகள் கட்டினார்கள். ஆனால் வீடு கட்டிக் கொடுக்கலாம், அரிசி கொடுக்கலாம், குடியுரிமை கொடுக்க டெல்லிக்குத்தான் அதிகாரம். முகாம்களில் இருக்கும் மலையகத் தமிழர்கள் சுமார் 30,000 பேர். இவர்கள் இந்தியாவிலிருந்து போனவர்களின் வாரிசுகள், அடைக்கலம் தேடி வந்த அந்நியர்களோடு சேர்த்துப் பார்க்கக்கூடாது, மனுவைப் பரிசீலியுங்கள் என்று 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். அதே ஆண்டு டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகள். இலங்கை அதில் இல்லை. இந்த மண்ணிலிருந்து கூலிக்கு ஓட்டிச் செல்லப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு வரி ஒதுக்க முடியவில்லை. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐந்தேகால் லட்சத்தில் எத்தனை பேரை உண்மையிலேயே ஏற்றுக்கொண்டது, எத்தனை பேர் கப்பல் நின்றுபோனதால் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள் என்ற கணக்கையாவது நாடாளுமன்றத்தில் வைத்துவிட்டுச் சட்டத்தை எழுதியிருக்கலாம்.

2024 மக்களவைத் தேர்தலில், திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழும் ஒரு பெண் ஓட்டுப் போட்டார். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்தவர். 1987 ஜூலைக்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்தவர் சட்டப்படி இந்தியர் என்ற ஒரே ஒரு பிடியைக் கொண்டு, நீதிமன்றப் படியேறி வாங்கிய உரிமை அது. முகாமிலிருந்து போய் வாக்களித்த முதல் ஆள் அவர்தான் என்று பத்திரிகைகள் எழுதின. அவருக்குப் பின்னால் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தப் பிடியும் இல்லை. என் சின்னத் தாத்தாவின் பேரப்பிள்ளைகள் அப்படிப் பிறந்தவர்கள்தான்.

இனிமேல் எங்கள் பெயரைச் சொல்லி யாரும் மேடை போட வேண்டாம். ஈழத்துக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் வாணியாறு அணைக்கு ஒரு நடை வாருங்கள். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த முகாம்வாசிகளுக்குக் குடியுரிமை கொடு என்று நாடாளுமன்றத்தில் ஒரு திருத்தம் வந்தால் போதும். பத்து வரி எழுத வேண்டிய வேலை. அடுத்த தேர்தலில் கடத்தூருக்கு ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும், எந்தக் கொடியோடு வந்தாலும், அந்தத் திருத்தத்தை எப்போது கொண்டுவருவீர்கள் என்று நான் கேட்பேன். நீங்களும் கேளுங்கள். பதில் சொல்லாதவர்களுக்கு ஓட்டுப் போடாதீர்கள்.